முதலில் சொன்னது யார்

அரசாங்கம் எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கு எங்கள் நாட்டில் ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்ட வேண்டுமென்றால் நாடாளுமன்றம் வாக்களித்து அனுமதிக்க வேண்டும். அந்த வருடம், மாதக் கடைசியோடு வரம்பு முடிகிறது என்பது வீட்டுக்குப் பால் போடுகிறவர் வரைக்கும் தெரிந்திருந்தது. முடிந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருந்தது. சம்பளம் நிற்கும். அரசாங்கத்துக்குச் சரக்கு கொடுத்தவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

ஆளுங்கட்சிக்கு வாக்கு போதவில்லை. செலவைக் குறைக்காமல் கை தூக்க மாட்டோம் என்றது எதிர்க்கட்சி. வரியை ஏற்றாமல் செலவைத் தொட விடமாட்டோம் என்றது ஆளுங்கட்சி. இரண்டு முறை பெரிய குழுக்கள் கூடின. இரண்டு முறையும் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்து, வாசலில் நின்ற கேமராக்கள் முன்னால் மற்றவர்களைத் திட்டினார்கள். மூன்றாம் முறை, பக்கத்துக்கு ஒருவரை மட்டும் அனுப்புவது என்று முடிவானது.

அப்படி வந்த இருவரும் பெரிய தலைகள் இல்லை. பேச்சு முறிந்தால் பழி போட வசதியாக, போனாலும் நஷ்டமில்லாத ஆளாகப் பார்த்துத்தான் இரண்டு கட்சிகளும் பொறுக்கியிருந்தன. ஆளுங்கட்சி அனுப்பியவர் முன்னாள் கணக்கு ஆசிரியர். சபையில் எல்லோருக்கும் அவர் வாத்தியார். எதிர்க்கட்சி அனுப்பியவர் லாரி ஓட்டிப் பிழைப்பைத் தொடங்கி, இப்போது பன்னிரண்டு லாரிகளுக்குச் சொந்தக்காரர். லாரி உரிமையாளர் சங்கத் தலைவரும்கூட. டீசல் வரியை ஏற்ற எந்த நாளும் சம்மதிக்க மாட்டேன் என்று சங்க மேடையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்தக் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிப் பத்திரிகைக்கும் காட்டியவர்.

மூன்றாவதாக அந்த அறையில் இருந்தது நான். நாடாளுமன்றச் செயலகத்தின் சட்ட வரைவுப் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் பேசி முடிப்பதைச் சட்டமாக எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. வாக்கியத்தில் கமா எங்கே நிற்கிறது என்று ஒவ்வொருவரிடமும் மல்லுக்கு நிற்பதால் அலுவலகத்தில் எனக்குக் கமா அக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர், காலப்போக்கில் முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பம். வாத்தியார் போட்ட நிபந்தனை அது. காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரைதான் உட்காருவேன், தூக்கக் கலக்கத்தில் நாட்டுக் காரியம் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மூன்றாம் மாடியில் ஏழாம் எண் அறை. சிக்கனம் என்று ஏசியை நிறுத்தியிருந்தார்கள். ஒரு மேஜை மின்விசிறி இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. சுழல் நாற்காலிகளில் ஒன்றுக்குப் பிடி போய்விட்டிருந்தது. உட்கார்ந்தவரை அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிவிடும். எனக்குத் தெரியும். சொல்வதற்குள் லாரிக்காரர் அதிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அரசாங்கம் பணத்தைத் தண்ணீராய் இறைக்கிறது என்று அவர் கால் மணி நேரம் பேசினார். பேசப் பேச இறங்கிக்கொண்டே போனார். முகவாய் மேஜையைத் தொடும் உயரத்துக்கு வந்ததும் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாண்புமிகு உறுப்பினர் சொல்றது புரியுது. ஆனா இந்த நாற்காலிக்கு ஒரு பிடி வாங்கிப் போடுறதும் செலவுக் கணக்குலதான் வரும்."

லாரிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து வேறு நாற்காலிக்கு மாறினார்.

"முதலாளிங்க கிட்டேருந்து புடுங்கி நாற்காலி வாங்குறதுதான் உங்க வழி, தெரியுமே," என்றார்.

அன்று முழுக்க இப்படியே போயிற்று. ஒருவர் பேசும்போது மற்றவர் ஜன்னலைப் பார்த்தார். நான் எழுத ஒரு வரியும் கிடைக்கவில்லை.

மறுநாள் மதியம் நான் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டேன். வீட்டு வேலை என்றேன். உண்மையில் என் தம்பியை மருத்துவமனையில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. தம்பிக்கு நாற்பத்து மூன்று வயது. பூட்டு, சாவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன்னால் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அரசு மருத்துவமனையில் நாலு நாலு மணி நேரம் இயந்திரம் அவன் ரத்தத்தைச் சுத்தம் செய்து கொடுக்கிறது. காலையில் அவன் மனைவி கூட இருப்பாள். மதியம் அவள் கடையைத் திறக்கப் போவதால் நான் போவேன்.

அன்று டயாலிசிஸ் அறையில் டெக்னீஷியன் பெண் என்னைத் தனியே கூப்பிட்டாள். ஐந்தாறு வருட அனுபவம் உள்ளவள். வீண் பேச்சு பேசாதவள்.

"அக்கா, மெஷின்ல ரத்தம் வடிகட்டுற பில்டர் சப்ளை பண்ற கம்பெனிலேருந்து லெட்டர் வந்திருக்கு. நாலு மாச பில் பாக்கியாம். மாசக் கடைசிக்குள்ள வரலேன்னா அடுத்த லோடு அனுப்ப மாட்டாங்களாம். கையில இருக்கிறது அடுத்த வியாழன் வரைக்கும் வரும்."

"அதுக்கப்புறம்?"

"மூணு தடவை பண்றதை ரெண்டு தடவையா குறைக்கலாமான்னு டாக்டர் யோசிக்கிறாரு. அது நல்லதில்ல. உங்களுக்கே தெரியும்."

தெரியும். முதல் வருடம் ஒரு வாரம் இயந்திரம் பழுதானபோது தம்பியின் கால் வீங்கி, மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினான்.

அவனிடம் போனேன். ஒரு கையில் ஊசி குத்தியிருக்க, இன்னொரு கையால் போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன அக்கா, உங்க ரூமுக்குள்ள ரெண்டு பேரும் சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்களாமே?"

"எவன் சொன்னான்?"

"டிவியில போடுறான். நிஜமா?"

"தெரியாதுடா."

"நீ உள்ளதானே இருக்கே."

"உள்ள இருக்கிறதாலதான் தெரியாது."

அவன் சிரித்தான். "சரி சரி. அவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள என் ரத்தமே வெறுத்துப்போய்த் தானா சுத்தமாயிடும்."

நானும் சிரித்து வைத்தேன். திரும்பும்போது பேருந்தில் என் மனம் ஒரு நிலையில் இல்லை. அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் இருவரிடமும் இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். என் தம்பி இப்படிக் கிடக்கிறான், நீங்கள் நாற்காலிக்குச் சண்டை போடுகிறீர்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் நான் அங்கே இருப்பது பேனாவாக. பேனா தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தால் அதற்கப்புறம் அது எழுதுவதை யார் நம்புவார்கள்? நாட்டில் எத்தனையோ பேருக்குத் தம்பி இருக்கிறான். அவர்கள் யாரும் ஏழாம் எண் அறைக்குள் வர முடியாது. நான் மட்டும் வந்துவிட்டேன் என்பதற்காக என் தம்பியை முன்னால் தள்ளுவது சரியாகப் படவில்லை. வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

புதன்கிழமையும் விடிந்து முடிந்தது. ஒரே ஒரு முன்னேற்றம், லாரிக்காரர் வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்க் கொண்டு வந்தார். ஒன்றில் சர்க்கரை போடாத டீ. வாத்தியாருக்குச் சர்க்கரை நோய் என்று முந்தின நாள் பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டிருந்தார். வாத்தியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "வீட்டுல சொல்லுங்க, ரொம்ப நல்லா இருக்கு," என்றார். அதற்கப்புறம் மாண்புமிகு உறுப்பினர் என்கிற பேச்சு நின்றுபோனது.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நிதித்துறை அனுப்பிய அட்டவணை மேஜையில் விரித்துக் கிடந்தது. எங்கே எவ்வளவு குறைத்தாலும் ஒரு பெரிய ஓட்டை மிச்சமிருந்தது. வாத்தியார் மூன்று விதமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். லாரிக்காரர் சாலைப் பராமரிப்பு என்ற வரிசையில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இந்த ரெண்டு வருஷத்துல ரோட்டுக்கு ஒண்ணுமே ஒதுக்கலையா?"

"பணம் எங்கே?"

"போன வருஷம் என் பன்னிரண்டு வண்டிக்கும் சேர்த்து எத்தனை ஸ்பிரிங் பிளேட் உடைஞ்சுது தெரியுமா வாத்தியாரே? நாப்பத்தொண்ணு. டயர் தனி. ரோடு சரியில்லாம ஸ்பிரிங் கடைக்காரனுக்குக் கட்டுறேன். அதுவும் வரிதான், பேரு மட்டும்தான் வேற. அந்தக் காசுல ரோடும் வர மாட்டேங்குது."

வாத்தியார் அந்த வரிசையை எட்டிப் பார்த்தார்.

லாரிக்காரர் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, இதை எழுதாதீங்க, கொஞ்சம் பேனாவைக் கீழ வைங்க." நான் வைத்தேன். அவர் குரல் இறங்கிவிட்டது. "டீசல்ல நூத்துக்கு மூணு ஏத்திக்கங்க. பாதி ரோட்டுக்குன்னு சட்டத்துலயே எழுதணும், வேற எதுக்கும் எடுக்கக் கூடாது. மீதிப் பாதி அந்த ஓட்டையை அடைக்கட்டும்."

நான்கு நாளாக ஆளுங்கட்சி எதற்காக முட்டி மோதியதோ, அது கேட்காமலேயே மேஜைக்கு வந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் அந்த நிமிடமே எழுந்து போய்த் தன் தலைவருக்குப் போன் போட்டிருப்பார். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நூற்றுக்கு ஐந்து கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார். வாத்தியார் தலையைக் குனிந்து அட்டவணையைத் தன் பக்கம் இழுத்தார். பென்சிலை எடுத்து, அரசு ஊழியர் சம்பள உயர்வு என்ற வரிசையின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"ரெண்டு வருஷத்துக்கு யாருக்கும் இன்கிரிமென்ட் கிடையாது. டீச்சர்ஸையும் சேர்த்துத்தான். கடைநிலை ஊழியர் மட்டும் விலக்கு."

"வாத்தியாரே, உங்களுக்கு ஓட்டுப் போடுறதே அவங்கதானே."

"என் வீட்டுக்காரி தலைமை ஆசிரியை. இன்னைக்கு வீட்டுக்குப் போனா சாப்பாடு உண்டா இல்லையான்னு தெரியல. நீங்க கழுத்தை நீட்டிட்டீங்க, நான் மட்டும் காலரை ஏத்தி விட்டுக்கிட்டு உட்கார முடியுமா?"

லாரிக்காரர் பிளாஸ்கைத் திறந்து அவருக்கு டீ ஊற்றினார். நான் பேனாவை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தச் சம்பள உயர்வு வரிசையில் நானும் அடக்கம். என் சம்பள உயர்வை நிறுத்தும் பிரிவை என் கையாலேயே எழுதினேன். சுத்தமான வாக்கியம், ஒரு குற்றம் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை முழுக்க வரைவு. வாத்தியார் தன் கையால் குறித்துக் கொடுத்த குறிப்புகளை நான் பிரிவு பிரிவாக எழுதிக்கொண்டு வந்தேன். ஒன்பதாம் பிரிவில் வந்து நின்றேன். அவருடைய குறிப்பு இப்படி இருந்தது: மருத்துவமனை, பள்ளி ஒப்பந்தப் பணியாளர்கள் நீங்கலாக எல்லாச் செலவும் நூற்றுக்கு ஐந்து குறைக்கப்படும்.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். மருத்துவமனையிலும் பள்ளியிலும் வேலை செய்யும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கு மட்டும் விலக்கு என்பது ஒன்று. மருத்துவமனை முழுவதற்கும் விலக்கு, அதோடு பள்ளி ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் விலக்கு என்பது இன்னொன்று. இரண்டாவது மாதிரி படித்தால் மருத்துவமனைச் செலவில் ஒரு காசும் குறையாது. பில்டருக்குப் பணம் வரும், மருந்துக்கு வரும், எல்லாவற்றுக்கும் வரும். அப்படியே விட்டுவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பின்னால் சுகாதாரத் துறைக்காரர்கள் தங்களுக்குச் சாதகமாகப் படித்துக்கொள்வார்கள். நான் எழுதியதுகூட இல்லை. வாத்தியார் கையெழுத்து.

ஒரு பத்து நிமிடம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு இருவர் முன்னாலும் வைத்தேன்.

"சார், இந்த இடத்துல ரெண்டு அர்த்தம் வருது. நீங்க எதை நினைச்சு எழுதினீங்க?"

விளக்கினேன். வாத்தியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "முப்பது வருஷம் பசங்க பேப்பரைத் திருத்தினேன், என் பேப்பரைத் திருத்த இவங்க வேண்டியிருக்கு. பணியாளர்களுக்கு மட்டும்னுதான் பேசினோம்."

"அப்போ ஆஸ்பத்திரி மருந்து, சாமான் எல்லாம் நூத்துக்கு அஞ்சு குறையுமா?" என்றார் லாரிக்காரர்.

"இப்போ இருக்கிறபடி, ஆமாம் சார்," என்றேன் நான். என் குரலில் ஒன்றும் தெரியக் கூடாது என்று முயற்சி செய்தேன்.

"அது நல்லா இல்லையே வாத்தியாரே. ஆஸ்பத்திரிக்குப் போறவன் வசதி இல்லாமத்தானே போறான். ஊசி மருந்துல அஞ்சு சதவீதம் குறைச்சா, நூறு பேர்ல அஞ்சு பேரைத் திருப்பி அனுப்புறதா?"

"எனக்கும் நெருடலாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பணத்தை வேற எங்கேயாவது எடுக்கணும். செலவைக் குறைக்கிறதுல நீங்கதான் புலி, சொல்லுங்க."

இருவரும் அட்டவணை மேல் குனிந்தார்கள். ஒரு மணி நேரம் தேடி, நாடாளுமன்றத்துக்குக் கட்டவிருந்த புதுக் கட்டடத்தைக் கண்டுபிடித்தார்கள். உறுப்பினர்களுக்கான விருந்தினர் அறைகள், இரண்டு அடுக்குக் கார் நிறுத்துமிடம், நீரூற்று. லாரிக்காரர் நீரூற்று என்பதை இரண்டு முறை வாசித்தார். பிறகு வாத்தியார் கோடு போட்டார். மருந்துக்கும் கருவிகளுக்கும் ஒரு வருட விலக்கு என்று தனி உட்பிரிவு எழுதச் சொன்னார்கள். பாக்கி பில்களில் மருத்துவமனை பில்களை முதலில் தீர்க்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்ந்தது. ஒரு வருடத்துக்குத்தான், அதற்கப்புறம் என்ன என்பது யாருக்கும் தெரியாது. ஆனாலும் அந்த உட்பிரிவை எழுதியபோது, என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் எழுதியதில்லை.

சனி, ஞாயிறுக்குள் விஷயம் வெளியே கசிந்துவிட்டது. லாரி உரிமையாளர்கள் ஏழெட்டுப் பேர் தங்கள் வண்டிகளைக் கொண்டுபோய் லாரிக்காரர் வீட்டு வாசலை மறித்து நிறுத்தினார்கள். ஆசிரியர் சங்கம் வாத்தியாரின் அலுவலகத்துக்கு முன்னால் உட்கார்ந்தது. முதல் வரிசையில் அவர் மனைவியோடு வேலை பார்க்கிறவர்கள்.

திங்கட்கிழமை சபை கூடியது. மாதம் முடிய நாலு நாள். அதிகாரிகளுக்கான மேல் வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். வரைவை வாசித்து முடித்ததும் எதிர்க்கட்சியிலிருந்தே ஓர் உறுப்பினர் எழுந்தார். குரல் கணீரென்று இருக்கும், அடுத்த தலைவர் தான்தான் என்ற எண்ணமும் உண்டு.

"டீசல் வரின்னு அந்த அறையில முதல்ல வாயைத் திறந்து சொன்னது யாரு? அதை மட்டும் தெரிஞ்சுக்க விரும்புறேன்."

கேள்வி ஆளுங்கட்சியைப் பார்த்து இல்லை, அவர் தன் பக்கத்து வரிசையைத்தான் பார்த்தார். லாரிக்காரர் முகம் வெளுத்துவிட்டது. கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிய காகிதம் எல்லோருக்கும் நினைவிருந்தது. உண்மையைச் சொன்னால் அத்தனை பேர் முன்னால் துரோகி. அவர் எழுந்திருக்க மேஜையில் கையை ஊன்றினார். எனக்கு அவரைத் தெரியும், அவர் மறைக்கப் போவதில்லை.

அதற்குள் எதிர்ப் பக்கத்தில் வாத்தியார் எழுந்து நின்றார்.

"நான்தான் சொன்னேன். நாலு நாள் விடாம நச்சரிச்சேன். அவர் முடியாதுன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தார். ரோட்டுக்குப் பாதின்னு சட்டத்துல எழுதினாத்தான் ஆச்சுன்னு அவர் பிடிச்ச பிடியில எங்களுக்கு மூச்சு முட்டிடுச்சு. குறை சொல்றதுன்னா என்னைச் சொல்லுங்க."

கேள்வி கேட்டவர் உட்காருவதற்குள் ஆளுங்கட்சியின் பின்வரிசையிலிருந்து ஆசிரியர் சங்கத்துக்கு வேண்டிய ஒருவர் எழுந்து, சம்பள உயர்வை நிறுத்த ஒப்புக்கொண்டது எந்த மகாராஜன் என்று கேட்டார். இந்த முறை லாரிக்காரர் முந்திக்கொண்டார்.

"அது என் நிபந்தனைங்க. அதை எழுதாம பேனாவை மூட விட மாட்டேன்னு சொல்லிட்டேன். வாத்தியாரு டீச்சருங்களுக்காக அவ்வளவு கெஞ்சினாரு. நான்தான் அசையல. கடைநிலை ஊழியரை விட்டுடுங்கன்னு அவர் கேட்டதுக்கு மட்டும் சரின்னேன்."

சபையில் யாரோ சிரித்தார்கள். யாரோ சீ என்றார்கள். குறிப்பெடுக்கிறவர்கள் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெரிய பொய்கள் நாடாளுமன்றக் குறிப்பில் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு கமா தவறினால் ஓடிவந்து திருத்துகிறவள் நான். அன்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணில் நீர் வழிவதைப் பக்கத்திலிருந்த அதிகாரி பார்த்துவிட்டு, தூசியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது மூன்றாவது பொய்.

நாலு வாக்கு வித்தியாசத்தில் சட்டம் நிறைவேறியது.

புதன்கிழமை மதியம் அலுவலகத்தில் இருந்தபோது தம்பி மனைவியிடமிருந்து போன் வந்தது. "அக்கா, பாக்கி பில்லுக்கு உத்தரவு போயிடுச்சாம், லோடு வந்துடுச்சாம். டெக்னீஷியன் பொண்ணு கூப்பிட்டுச் சொன்னா. நாளைக்கு வழக்கம்போல வரச் சொன்னா." போனைக் காதில் வைத்தபடியே மேஜை நாட்காட்டியில் வியாழக்கிழமையை வட்டமிட்டேன்.

அந்த இருவருக்கும் நேர்ந்தது நல்லதாக இல்லை. சங்கம் லாரிக்காரரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கியது. வாத்தியார் என்ன சொன்னாலும் அவர்களுக்குச் சந்தேகம் தீரவில்லை. ஆனாலும் துரோகி என்ற சொல் மட்டும் ஒட்டவில்லை. ஏமாந்தவர் என்றார்கள், அதோடு விட்டார்கள். அவர் பிழைப்பு கெடவில்லை, சரக்கு கொடுப்பவர்கள் தொடர்ந்து கொடுத்தார்கள். வாத்தியார் மனைவி ஒன்பது நாள் அவரோடு நேராகப் பேசவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஆனால் சாப்பாடு மட்டும் நேரத்துக்கு மேஜைக்கு வந்துவிட்டதாம்.

மூன்று வாரம் கழித்து, மசோதா பேசிய உறுப்பினர்களைத் தனியே சந்திக்க வேலை விதிப்படி இனி தடை ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லாரிக்காரரின் வண்டிக் கொட்டகைக்குப் போனேன். அவர் பனியனோடு ஒரு லாரியின் அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து சட்டையைத் தேடினார். ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

தம்பியைப் பற்றிச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை மதியம் எங்கே போனேன் என்று சொன்னேன். கம்பெனிக் கடிதம், வியாழன் வரைக்கும் மட்டுமே இருந்த பில்டர், எல்லாம் சொல்லி முடித்துக் கை கூப்பினேன். அவர் கையிலிருந்த கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிந்தபிறகும் துடைத்தார்.

"இதை ஏன் தங்கச்சி அன்னைக்கே சொல்லல? முதல் நாளே சொல்லியிருந்தா நாங்க அவ்வளவு நேரம் வாய்ச்சண்டை போட்டிருக்க மாட்டோமே."

"சொல்லியிருந்தா என்னைப் பார்த்து முடிவெடுத்திருப்பீங்க சார். என்னைப் பார்க்காம எடுத்தீங்க. அதுக்குத்தான் நன்றி சொல்ல வந்தேன்."

அவர் துணியை மடித்து லாரியின் பம்பர் மேல் வைத்தார். பிறகு, "நன்றியெல்லாம் வாத்தியாருக்குச் சொல்லுங்க," என்றார். "சபையில எழுந்து நின்னு எனக்காகப் பழியை வாங்கிக்கிட்டாரு பாருங்க. என் சொந்தக்காரன் பண்ண மாட்டான்."

"நீங்களும்தான் எழுந்து நின்னீங்க."

"அது பதிலுக்குப் பண்ணினது. முதல்ல பண்ணினது அவரு." சொல்லிவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டார். "நேத்துப் போன் பண்ணினாரு. அடுத்த கூட்டத்துல பள்ளிக்கூடக் கட்டட மசோதா வருதாம். என்னை ஆதரிக்கச் சொல்றாரு. முடியவே முடியாதுன்னுட்டேன். அந்த மதிப்பீடு அநியாயம் தங்கச்சி, செங்கல்லுக்கு என்ன தங்க விலையா போட்டிருக்கான்? கிழிச்சுத் தொங்கவிடப் போறேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"கிழிங்க, ஆனா ஏழு மணிக்கே வந்துடுங்கன்னாரு."

அவர் மனைவி உள்ளேயிருந்து டீ கொண்டு வந்து கொடுத்தார். நான் குடித்துவிட்டு, வாத்தியார் வீட்டுக்கு எந்தப் பேருந்து போகும் என்று கேட்டேன். லாரிக்காரர் தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்று மறுத்துப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். டீசல் ஏறியதால் பேருந்துக் கட்டணமும் கொஞ்சம் ஏறியிருந்தது. கண்டக்டரிடம் எல்லோரும் முணுமுணுத்தார்கள். நான் சரியான சில்லறையை எடுத்துக் கொடுத்துச் சீட்டை வாங்கிக்கொண்டேன். பக்கத்து இருக்கையிலிருந்த பெண்மணி, இவ்வளவு ஏத்தினா எப்படிங்க கட்டுப்படியாகும் என்று என்னிடம் கேட்டார்.

"கஷ்டம்தாங்க," என்றேன். "ஆனா நம்ம காசு எங்க போகுதுன்னு கொஞ்சம் எனக்குத் தெரியும். சொல்லட்டுமா?"

அவர் சொல்லுங்கள் என்று என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். வாத்தியார் வீடு இன்னும் ஒன்பது நிறுத்தம் தள்ளி இருந்தது.